ஆவணி வரை படப்பிடிப்பு

செவ்வாய்

படம் எடுக்க முதலில் கதை வேண்டும் என்று நம்பித்தான் மாலை வகுப்பில் சேர்ந்தேன். கதை பிறகுதான் வருகிறது. முதலில் இன்சூரன்ஸ், அதன்பின் அனுமதி.

பகலில் நான் ஆட்டோக்களுக்கு பேட்டரி மாற்றிக் கொடுக்கும் நிலையத்தில் பில் போடுகிறேன். மாலையில் டயர் கடைக்கு மேல் மாடியில் நடக்கும் திரைப்பட வகுப்புக்குப் போகிறேன். எங்கள் குழுவில் வளவன் இயக்குநர். அவனுக்குக் குரல் பெரிது. நான் தயாரிப்பு நிர்வாகம். எந்தக் காகிதத்தையும் தொலைக்க மாட்டேன் என்பதால் அந்த வேலை எனக்கு வந்தது. என்னிடம் வேறு திறமை எதையும் யாரும் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. நானும் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன்.

படம் சின்னது. ஒரு பெண் கருவாட்டு மார்க்கெட் படிக்கட்டில் இறங்கி வருகிறாள், கூட்டத்தில் யாரையோ தேடுகிறாள், காணாமல் திரும்புகிறாள். ஆறு நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனால் அந்தப் படிக்கட்டைத் தவிர வேறெதையும் வளவன் ஒப்புக்கொள்ளவில்லை. தூத்துக்குடியில் வாடகைக்குக் கிடைக்கும் தனியார் படிக்கட்டுகள் எத்தனையோ இருக்கின்றன என்றேன்.

"அதுலயெல்லாம் கருவாட்டு வாடை இல்லையே."

"படத்துல வாடை வராது வளவா."

"நடிக்கிற பிள்ளைக்கு வரும்லா."

இதற்கு மேல் அவனிடம் பேச முடியாது.

படிக்கட்டு மாநகராட்சிச் சொத்து. மார்க்கெட் அலுவலகத்தில் இன்சூரன்ஸ் சான்று இல்லாமல் மனுவை வாங்க மாட்டார்கள். இன்சூரன்ஸ் கம்பெனியில் மனு எண் இல்லாமல் சான்று தர மாட்டார்கள். இரண்டு வாசலுக்கும் மாறி மாறி அலைந்தேன். இன்று மார்க்கெட் அலுவலகக் கிளார்க் இரக்கப்பட்டு, மனுவை வாங்காமலே ஓர் எண்ணை மட்டும் எழுதிக் கொடுத்தார். "இதக் கொண்டுபோய்க் காட்டும்மா. எல்லாரும் இப்படித்தான் செய்யுதாவ" என்றார். எல்லோரும் செய்வதால் அது சரியாகிவிடுமா என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன். யோசித்து முடிப்பதற்குள் இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டிவிட்டது.

வியாழன்

அரண் காப்பீட்டு நிறுவனத்தில் எங்கள் மனுவைப் பார்ப்பவர் நஸ்ரின் மேடம். நாற்பது வயதிருக்கும். பேசும்போது நம்மைப் பார்க்காமல் திரையைப் பார்த்தே பேசுகிற வழக்கம் அவருக்கு. என்னை அருகில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்.

"பொது இடத்துல கேமரா வைக்கிறதுக்கு முன்னாடி, நீங்க படம் எடுக்கப்போற நாளை நாங்க இங்கயே நடத்திப் பார்த்துருவோம்" என்றார். "அதுக்குப் பேர் ஒத்திகை."

"நடத்தின்னா எப்படி மேடம்?"

"தெருக் கேமராவெல்லாம் வருஷக்கணக்கா பார்த்து வச்சிருக்கு. யார் எப்ப வர்றாங்க, எப்படி நடக்கிறாங்க, எங்க மூச்சு வாங்குறாங்க, எல்லாம். அதை வச்சு அந்த ஒரு நாளை மிஷின் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கும். எத்தனை தடவை வயர்ல ஆள் தடுக்குது, எத்தனை தடவை கூட்டம் நெருக்குதுன்னு பார்த்துத்தான் பிரீமியம். விண்ணப்பம் போட்டவங்களும் பார்த்துக் கையெழுத்துப் போடணும். அது சட்டம். பார்த்ததை வெளியே சொல்லக்கூடாது. அதுவும் சட்டம்."

திரையில் கருவாட்டு மார்க்கெட் படிக்கட்டு தெரிந்தது. ஆட்கள் சாம்பல் நிற உருவங்களாக ஏறி இறங்கினார்கள். யாருக்கும் முகமில்லை. தலையில் இருந்த கூடைகள் வெறும் வட்டங்கள். எங்கள் கேமரா ஒரு நீலப் பெட்டி. எங்கள் நடிகையை மட்டும் காணவில்லை. கேட்டேன்.

"நடிக்கிறவங்களை ஒத்திகை எடுத்துக்காது. நடிகர் அட்டை மாட்டின ஆள் நடக்கிறது உண்மையான நடை இல்லையே? அவங்களைச் சேர்த்தா கணக்கு கெட்டுடும். அனுமதி இருக்கிற வரைக்கும் அவங்க ஊருக்குள்ள எங்க போனாலும், என்ன செஞ்சாலும், எந்தக் கேமராவும் கணக்குல வைக்காது."

தலையில் வட்டம் வைத்த ஓர் உருவம் படி ஏறியது. பாதிக்கு வருமுன் சுவரோரம் ஒதுங்கியது. இடது கையைச் சுவரில் ஊன்றியது. மெதுவாக உட்கார்ந்தது. வட்டம் கீழே உருண்டது. அந்த உருவம் எழுந்திருக்கவில்லை. மற்ற உருவங்கள் அதைச் சுற்றிக் கூடின.

மேடம் அடுத்ததை ஓட்டினார். அதே உருவம் அதே சுவரில் கையை ஊன்றி உட்கார்ந்தது. இன்னொரு தடவை ஓட்டியபோது மேலே ஏறிவிட்டது. அப்பாடா என்று நினைத்தேன். திரும்பி வரும்போது உட்கார்ந்தது.

"எங்க கேமரா இடிச்சிருச்சா மேடம்?"

"இல்லை. உங்க பெட்டியை எடுத்துட்டும் ஓட்டிட்டேன். அது உங்களால வர்றது இல்லை. உடம்பு. நெஞ்சா இருக்கலாம், வேற எதுவாவும் இருக்கலாம். எங்களுக்குத் தெரியாது. தெரிஞ்சுக்கவும் கூடாது."

"அன்னைக்கு நடக்கும்கிறது நிச்சயமா?"

"அன்னைக்குன்னு இல்லை. எந்த நாளைப் போட்டாலும் அடிக்கடி இப்படித்தான் வருது."

"யார் மேடம் அது?"

"இங்க பேர் கிடையாதும்மா. உருவம்தான்."

எனக்குப் பெயர் தெரிந்துவிட்டது. எந்த நேரத்தில் கூட்டம் குறைவு என்று தெரிந்துகொள்ள, பல சாயங்காலங்கள் அந்தப் படிக்கட்டில் உட்கார்ந்து, போகிறவர் வருகிறவரைக் கவனித்திருக்கிறேன். பக்கவாட்டில் திரும்பி, வலது காலை முதலில் வைத்து, இடது காலை அதே படிக்கு இழுத்து வைத்து, குழந்தைகளைப் போல ஒவ்வொரு படியாக ஏறுகிறவர் அந்த மார்க்கெட்டில் ஒருவர்தான். நெத்திலிக் கருவாடு விற்கும் சந்தனமாரி அக்கா.

"ரெண்டு வழி இருக்கு" என்றார் மேடம். "பிரீமியத்தைக் கூட்டிக் கட்டலாம். உங்களால முடியாது. இல்லைன்னா அந்த உருவம் அன்னைக்கு அந்த இடத்துல இல்லாம பார்த்துக்கலாம். ஒரு நாள் கூலியைக் கொடுத்து வீட்டுல இருக்கச் சொல்லுங்க. எல்லாக் கம்பெனியும் அதைத்தான் செய்யுது."

"ஏன்னு கேட்டா?"

"ஷூட்டிங்னு சொல்லுங்க."

"உண்மையைச் சொன்னா என்ன ஆகும்?"

அப்போதுதான் முதல் முறையாக என் பக்கம் திரும்பினார். "சொன்ன நிமிஷத்துலேர்ந்து அவங்க 'அறிந்தவர்'. அதுக்கப்புறம் புதுசா நடைமுறைக்கு வர்ற எந்தக் காப்பீடும் அந்த நோய்க்குப் பணம் தராது. தெரிஞ்சே மறைச்ச நோய்னு ஆயிடும். உங்க பாலிசியும் ரத்து. சொல்லாம இருக்கிறது அவங்க நல்லதுக்குத்தான்."

கடைசி வாக்கியத்தை மறுபடி திரையைப் பார்த்துச் சொன்னார்.

மாலை வகுப்பில் பாடம் எதுவும் ஏறவில்லை. இடைவேளையில் வளவனிடம் சொன்னேன். சொல்லலாமா என்று தெரியவில்லை. அவனும் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டவன் என்பதால் சொல்லலாம் என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன்.

அவன் டீயை ஊதிக்கொண்டே இருந்தான். "லீவு குடுத்துருவோம். அக்காவுக்கும் ஒரு நாள் ரெஸ்ட்டு" என்றான்.

"மறுநாள்?"

"மறுநாள் நம்ம அங்க இல்லையே ஜெனி."

சொன்ன பிறகு அவனாலும் அந்த டீயைக் குடிக்க முடியவில்லை.

சனி

மார்க்கெட்டுக்குப் போனேன். சந்தனமாரி அக்கா சாக்கை விரித்து நெத்திலியைக் கூறு வைத்துக்கொண்டிருந்தார். பக்கத்துச் சாக்கில் பேச்சியம்மா.

"வா தங்கச்சி. இன்னைக்கு எதை எழுதிட்டுப் போகப்போற? யாரு எத்தன மட்டம் தும்முதாவன்னா?"

மனப்பாடம் செய்து வந்ததை ஒப்பித்தேன். வருகிற புதன்கிழமை ஷூட்டிங், அன்று மட்டும் அவர் வர வேண்டாம், அன்றைய கூலியை நாங்கள் கொடுத்துவிடுகிறோம்.

"எனக்கு மட்டுமா?"

"ஆமாக்கா."

"இந்தா பக்கத்துல ஒருத்தி குத்துக்கல்லு மாதிரி இருக்காளே, இவளுக்கு?"

"எனக்கும் குடு தாயி" என்றார் பேச்சியம்மா. "ஒரு நாள் என்ன, மாசம் பூராவும் வீட்டுல கெடக்கேன்."

அக்கா சிரித்தார். சிரிப்பு பாதியில் இருமலாகி நின்றது. "போன மாசம் சீரியல்காரன் வந்தான். எனக்கு மட்டும் லீவு. அதுக்கு முந்தி சோப்பு வெளம்பரம். அப்பவும் எனக்கு மட்டும் லீவு. மொதல்ல, நமக்கு மூஞ்சி சரியில்ல போலன்னு நெனச்சேன். அப்புறம் பாத்தா இவளப் படத்துல காட்டுதான். இவ மூஞ்சியவே காட்டுதவன் என் மூஞ்சிய ஏன் ஒதுக்கணும்னு அப்பத்தான் சந்தேகம் வந்துச்சு."

"வாயப் பாரு" என்றார் பேச்சியம்மா. கோபப்படவில்லை. அக்கா அவரை டீ வாங்க அனுப்பினார். அவர் மறையும் வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நான் செத்துருவேனா?"

மேலே தூணில் கேமரா இருந்தது. அதற்குக் காதும் உண்டு. நான் அதை அண்ணாந்து பார்த்தேன்.

"நீ பேசாத. கேக்குறது குத்தம் இல்ல, சொல்லுததுதான் குத்தம். எனக்குத் தெரியும். கைய நீட்டு."

தோளில் கிடந்த துண்டை எடுத்து எங்கள் இருவர் கைகளின் மேலும் போட்டார். இந்த மார்க்கெட்டில் மொத்த வியாபாரிகள் விலை பேசுவது அப்படித்தான். பக்கத்துக் கடைக்காரனுக்குத் தெரியாமல் இருக்கத் துண்டுக்கடியில் விரலைப் பிடித்துத் தொகை சொல்வார்கள். வாய் வேறு எதையாவது பேசிக்கொண்டிருக்கும். நான் அதை வேடிக்கை பார்த்திருக்கிறேனே தவிர என் கை ஒருநாளும் உள்ளே போனதில்லை.

"ஆமான்னா ஒரு வெரலு. இல்லன்னா ரெண்டு" என்றார். "படியிலயா?"

அவர் விரல்கள் உப்பில் வெடித்துச் சொரசொரவென்று இருந்தன. நான் ஒன்றைப் பிடித்தேன்.

"புதங்கெழம மட்டுமா?"

இரண்டைப் பிடித்தேன்.

ஆடிக் காற்று சாக்கின் ஓரத்தைத் தூக்கிப் போட்டது. அவர் காலால் அதை மிதித்துக்கொண்டார்.

"ஆவணிக்கு முந்தியா?"

எனக்குத் தெரியாது. மிஷினுக்கே நாள் தெரியாது. ஒரு விரலைப் பிடித்தேன், விட்டேன், மறுபடி பிடித்தேன். தெரியாது என்பதற்கு எத்தனை விரல் என்று அவர் சொல்லியிருக்கவில்லை.

"சரி. வெல படியல" என்று சத்தமாகச் சொல்லித் துண்டை உருவிக்கொண்டார்.

பிறகு தூணுக்கு முதுகைக் காட்டிக் குனிந்து, கூறுகளைச் சரிசெய்தபடி, காற்றுச் சத்தத்துக்குள் எனக்கு மட்டும் கேட்கும்படி பேசினார். மகளிர் குழுவில் சேர்ந்து அவர் போட்டிருக்கும் இன்சூரன்ஸ் ஆவணி முதல் தேதிதான் நடைமுறைக்கு வருகிறது. அதற்கு முன் எந்த டாக்டரைப் பார்த்தாலும் அது பதிவாகிவிடும். அரசு ஆஸ்பத்திரியிலும் இப்போது காப்பீட்டு எண்ணைக் கேட்டுத்தான் உள்ளே விடுகிறார்கள்.

"டாக்டர் வேண்டாம்க்கா" என்று நானும் குனிந்து முணுமுணுத்தேன். "படி ஏறாம இருங்க. ஆவணி வரைக்கும் வீட்டுலயே இருக்கலாமே?"

"நேத்து வரைக்கும் ஏறுனவ இன்னைக்கு ஏன் ஏறலன்னு மிஷின் கேக்கும்லா. உப்பளத்துல ஒருத்தரு அப்படித்தான் திடீர்னு லேசான வேலைக்கு மாறுனாரு. 'தெரிஞ்சுதான மாறுனீரு'ன்னு சொல்லி ஒண்ணும் இல்லன்னுட்டான். தெரிஞ்சவன் நடை வேற மாதிரி இருக்குமாம்."

"அப்ப என்ன செய்வீங்க?"

"ஏறுவேன். வேற என்னத்தச் செய்ய?"

பேச்சியம்மா டீயோடு வந்தார். எனக்கும் ஒன்று வாங்கி வந்திருந்தார்.

ஞாயிறு

நான் சொல்லிவிட்டேனா இல்லையா? வாயால் சொல்லவில்லை. ஆனால் நேற்றுவரை சந்தேகமாக இருந்தது இன்று அவருக்கு உறுதி. இனி அவர் ஏறும் ஒவ்வொரு படியும் தெரிந்தே ஏறும் படி. அதை அவருக்குக் கொடுத்தது நான். அவர் சுமையை முன்பைவிடக் கூட்டியிருக்கிறேனே தவிர, ஒரு கைப்பிடிகூட இறக்கிவைக்கவில்லை.

பேட்டரி நிலையத்தில் இன்று இரண்டு பில்லை மாற்றிப் போட்டேன். எனக்கு இப்படி ஆனதே இல்லை.

மத்தியானம், ஒரு ஆட்டோக்காரருக்கு மீதிச் சில்லறையை எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தபோது, நஸ்ரின் மேடம் நடிகர்களைப் பற்றிச் சொன்னது நினைவுக்கு வந்தது. என்ன செய்தாலும் எந்தக் கேமராவும் கணக்கில் வைக்காது. சில்லறை கையிலேயே நின்றுவிட்டது. "ஏம்மா, குடுக்கியா, நானே எடுத்துக்கிடட்டா?" என்றார் ஆட்டோக்காரர்.

சாயங்காலம் வளவனை வகுப்புக்கு வெளியே நிறுத்திச் சொன்னேன்.

"அக்காவை நடிகர் பட்டியல்ல சேர்ப்போம். அட்டை மாட்டிட்டா மிஷின் அவங்களை விட்டுடும். அவங்க படியில ஏறாம சரிவுப் பாதையில வண்டி தள்ளிட்டுப் போகலாம், உட்காரலாம், வராமலும் இருக்கலாம். எல்லாம் நடிப்புக் கணக்குல போயிரும்."

"கதையில கருவாட்டுக்காரி கிடையாது."

"அந்தப் பெண் தேடுற ஆள் அவங்கதான்னு வச்சுக்கோ."

"அவ தேடுற ஆளுதான் கடைசி வரைக்கும் கிடைக்காதே."

"கிடைக்கட்டுமே."

அவன் டயர் கடைச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். "எதுவரைக்கும் ஷூட்டிங்?"

"ஆவணி வரைக்கும்."

"ஆறு நிமிஷப் படத்தையா? ஆடி நடுவுல திரையிடணும் ஜெனி. இல்லன்னா இந்த வருஷம் டிப்ளமோ கிடையாது. உனக்கும்தான்."

"தெரியும்."

"எங்கப்பாகிட்ட யாரு சொல்லுவா? நீ வந்து சொல்லுதியா?"

"சொல்லுறேன்."

நான் அப்படிச் சொல்வேன் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. நானும்தான். "வேண்டாம். நீ வந்தா காகிதத்த எடுத்து வச்சுப் பேசுவ, அவரு பயந்துருவாரு" என்றான். அவன் அவ்வளவு தாழ்ந்த குரலில் பேசி நான் கேட்டதே இல்லை.

செவ்வாய்

புதிய நடிகர் பட்டியலை நஸ்ரின் மேடத்திடம் கொடுத்தேன். சந்தனமாரி, பாத்திரம்: கருவாட்டுக்காரி. மேடம் பெயரைப் படித்தார். முகவரியைப் படித்தார். தொழில் என்ற இடத்தில் நான் உண்மையையே எழுதியிருந்தேன். பொய் எழுத எனக்கு வராது, அதனால் மாட்டிக்கொள்வேன் என்று வரும் வழியெல்லாம் பயம்.

ஒத்திகையை ஓட்டினார். சாம்பல் உருவங்கள் ஏறின, இறங்கின. யாரும் சுவரில் கை வைக்கவில்லை. மறுபடி ஓட்டினார். படிக்கட்டு சாதாரணப் படிக்கட்டாக இருந்தது.

"ஆபத்து குறைஞ்சிருச்சு" என்றார். "எங்க சான்றுல போடுற தேதி வரைக்கும்தான் மார்க்கெட் அனுமதி. எதுவரைக்கும் வேணும்?"

"ஆவணி பிறந்து மூணு வாரம் வரைக்கும் மேடம்."

"சின்னப் படம்னு சொன்ன ஞாபகம்."

"இயக்குநர் லேசுல திருப்திப்பட மாட்டார் மேடம்."

பேனாவை எடுத்தார், வைத்தார். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் அவருடைய மேலாளர் யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். மேடம் மறுபடி பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

"சில பேர் அப்படித்தான்" என்றார்.

ஆடி, பல நாட்கள்

தேதி போட்டு எழுத முடியவில்லை. ஒவ்வொரு நாளும் முந்தைய நாள் மாதிரியே இருக்கிறது, ஆனால் எந்த நாளிலும் நிம்மதி இல்லை.

பகலில் பில் போடும்போதும் காது மார்க்கெட் பக்கமே இருக்கிறது. ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் கல்லாவை விட்டு எழுந்து தெருவுக்கு வந்துவிடுகிறேன். வேலை முடிந்ததும் ஓடுகிறேன். வளவன் அதற்குள் கேமராவோடு நிற்பான்.

அக்கா அட்டையின் நாடாவைச் சேலையில் ஊக்கால் குத்திக்கொண்டு, மீன் வண்டிகள் போகும் சரிவுப் பாதையில் மெதுவாக வருகிறார். கூடையைத் தள்ளுவண்டியில் பேச்சியம்மா தள்ளி வருகிறார். "நடிகை வாராவ, வழி விடுங்க. யாரும் மேல விழுந்து போட்டோ எடுக்கப்பிடாது" என்று மார்க்கெட் முழுக்க அறிவிக்கிறார். அவருக்குக் காரணம் எதுவும் தெரியாது. கேட்கவும் இல்லை.

வளவன் முதலில் சும்மா கேமராவை ஓட்டினான். இரண்டாம் வாரத்தில் உண்மையாகவே எடுக்க ஆரம்பித்துவிட்டான்.

"அக்கா, நீங்க இங்க நில்லுங்க. அந்தப் பிள்ளை உங்களைப் பார்க்காம கடந்து போவா."

"முன்னாலயே நின்னா பாக்காம எப்படிப் போவா? அவளுக்குக் கண்ணு தெரியாதா?"

"கூட்டத்துல தெரியாதுக்கா."

"அப்ப நான் அங்கன போய் உக்காந்துக்கிடுதேன். தேடட்டும். தேடுதவளுக்குத்தான சம்பளம்?"

"யாருக்குமே சம்பளம் இல்லக்கா."

"அப்ப ரொம்பத் தேட வேண்டாம்னு சொல்லு."

திரையிடும் நாள் வந்தது. மற்றக் குழுக்கள் புதுச் சட்டை போட்டுக்கொண்டு டயர் கடை மாடிக்கு ஏறின. நாங்கள் மார்க்கெட்டில் இருந்தோம். வளவனின் அப்பா அன்று அவனை வீட்டுக்குள் விடவில்லை என்று பிறகுதான் தெரிந்தது.

அந்த வாரத்திலேயே ஒரு சாயங்காலம். காற்று பலமாக இருந்தது. யாருடைய தார்ப்பாயோ பறந்து கீழே போனது. அக்கா பழக்க தோஷத்தில் அதைப் பிடிக்கப் படியில் இரண்டு எட்டு இறங்கி, திரும்பி ஏறினார். சுவரோரம் ஒதுங்கினார். இடது கையைச் சுவரில் ஊன்றினார். உட்கார்ந்தார்.

நான் திரையில் பார்த்ததேதான். முகம் மட்டும் புதிது. அது வெளுத்து, உதடு நீலம் பாரித்திருந்தது. வளவன் அதை நடிப்பு என்று நினைத்துக் கேமராவை அருகில் கொண்டுபோனான். நான் ஓடிப்போய்ப் போனை எடுத்தேன். ஆம்புலன்ஸ் எண்ணை அழுத்தினால் பதிவாகும். ஆஸ்பத்திரிப் பதிவின் முன்னால் நடிகர் அட்டை செல்லாது. ஆவணி அவருக்கு வராது. அழுத்தாவிட்டால் ஒருவேளை எந்த மாதமுமே வராது.

அக்கா என் கையைப் பார்த்தார். தலையை மட்டும் அசைத்தார். வேண்டாம்.

போனைப் பிடித்தபடி நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பேச்சியம்மா வந்து அவர் தலையை மடியில் சாய்த்து, முந்தானையால் விசிறினார். மெல்ல மூச்சு திரும்பியது.

"அந்தத் தம்பிய நிறுத்தச் சொல்லு" என்றார் அக்கா. "எம்மூஞ்சி இப்ப நல்லாருக்காது."

அவர் பிழைத்தார். அதனால் நான் போனை அழுத்தாதது சரி என்று வளவன் சொல்கிறான். பிழைக்காமல் போயிருந்தால் அதே கை, அதே போன், அதே நான்தான். அவர் பிழைத்ததை என் பக்கச் சாட்சியாக வைத்துக்கொள்ள எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை.

ஆவணி

முதல் தேதி காலையிலேயே அக்கா குளித்து, நல்ல சேலை கட்டிக்கொண்டு, மகளிர் குழுத் தலைவியோடு ஆஸ்பத்திரிக்குப் போனார். நெஞ்சில் ஒரு வால்வு பழுது. எப்போதிலிருந்து இருக்கிறது என்று டாக்டர் கேட்டாராம். "இப்ப நீங்க சொல்லித்தான் தெரியும் டாக்டர்" என்றாராம் அக்கா. அந்த ஒரு வசனத்தை மட்டும் நிஜமாகவே ஒத்திகை பார்த்ததாக என்னிடம் சொன்னார்.

மறுவாரமே வால்வை மாற்றிவிட்டார்கள். பார்க்கப் போனேன். வலியில் முனகிக்கொண்டிருந்தவர் என்னைக் கண்டதும், கடைசியில் அந்தப் பிள்ளை தன்னைக் கண்டுபிடித்துவிட்டாளா என்று கேட்டார். இன்னும் அந்தக் காட்சியை எடுக்கவில்லை என்றேன். "அப்ப சும்மா வந்து நிக்க?" என்று விரட்டினார். நடிகர் அட்டை தலையணைக்கடியில் இருந்தது. அதை வாங்கிக்கொண்டேன்.

திங்கள்

அனுமதியை முடித்துக்கொள்ள அரண் அலுவலகத்துக்குப் போனேன். நாள் தானாகவே முடியும்தான். ஆனால் தொடங்கிய எதையும் முறையாக முடிக்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

நஸ்ரின் மேடம் அட்டையை வாங்கினார். மேசைமேல் வைத்து, அதன் நாடாவைச் சுருட்டினார்.

"படம் முடிஞ்சிருச்சா?"

"ஒரு காட்சி பாக்கி இருக்கு மேடம். அதைப் பிறகு பார்த்துக்கலாம்னு இருக்கோம்."

"அந்த அம்மா நல்லா நடிச்சாங்களா?"

"நல்லா நடிச்சாங்க."

"இப்ப எப்படி இருக்காங்க?"

அவரைப் பார்த்தேன். அவர் திரையைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது சொல்லலாம் என்று தோன்றியது. "வால்வு மாத்திட்டாங்க. நல்லா இருக்காங்க மேடம்."

தலையை ஆட்டினார். சுருட்டிய நாடாவை அவிழ்த்து, மறுபடி சுருட்டினார்.

"அப்ப இதை முடிச்சுத்தான் ஆகணுமா? காட்சி பாக்கி இருக்குன்னா, நீட்டிக்கலாமே."

"எதுக்கு மேடம்?"

கண்ணாடித் தடுப்பின் பக்கம் அவர் பார்வை போய் வந்தது.

"வெள்ளிக்கிழமை எங்க ஆபீஸ் வாசல்ல ஏதோ விளம்பரப் படம் எடுக்கிறாங்களாம். அந்த மனு என்கிட்ட வரலை. நேரா மேனேஜர்கிட்ட போயிருக்கு. சனிக்கிழமை அவர் என்னைக் கூப்பிட்டார். வெள்ளிக்கிழமை நீங்க வர வேண்டாம், சம்பளத்தோட லீவுன்னு சொன்னார். ரொம்ப அன்பா சொன்னார்."

"எல்லாருக்குமா மேடம்?"

"எனக்கு மட்டும்."

பக்கத்து மேசையில் யாரோ பிரிண்டரைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். மேடம் தலைமேல் இருந்த துப்பட்டாவை இழுத்துச் சரிசெய்தார். அந்த அட்டையை என் பக்கமாக, ஒரு விரலால், மெதுவாகத் தள்ளினார்.

"உங்க படத்துல இன்னொரு ஆளுக்கு இடம் இருக்குமாம்மா?"

வளவனுக்குப் போன் செய்ய வேண்டும். அவனுடைய அப்பாவிடம் இந்தத் தடவை நானே போய்ப் பேச வேண்டும். இப்படி எத்தனை பேரை ஆறு நிமிடத்துக்குள் வைக்க முடியும் என்று தெரியவில்லை. பையிலிருந்து நடிகர் பட்டியலை எடுத்து, சந்தனமாரி அக்காவின் பெயருக்குக் கீழே இருந்த வெற்று வரியில் பேனாவை வைத்தேன்.

"முழுப் பெயரைச் சொல்லுங்க மேடம்" என்றேன்.